தொலைஞ்சுபோக காடு இல்லாத ஊரு

நாலு மாசமா இங்க ஒண்ணும் எழுதல. பாதி சோம்பேறித்தனம், மீதி எங்க அக்கா மக. எட்டாவது படிக்கிற புள்ள, முழுப்பரீட்சை லீவு விட்ட மறுநாளே ரெண்டு லாங் சைஸ் நோட்ட தூக்கிக்கிட்டு கடைக்கு வந்து "மாமா, இத டைப் பண்ணி புக்கா போட்டுத்தாங்க"ன்னு டேபிள் மேல வச்சிருச்சு. கடைன்னா பெருசா ஒண்ணுமில்ல, காரைக்குடியில ஒரு சந்துக்குள்ள ஜெராக்ஸ், டிடிபி, லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, நான் இத்தன வருஷத்துல டைப் பண்ண இலக்கியம் மொத்தமும் இந்த மூணுக்குள்ள அடங்கிரும். நாவல் இதான் மொதத் தடவ.

என்ன கதைன்னு கேட்டேன். சர்வைவல் கதையாம். பத்து வயசுல இருந்து பன்னெண்டு பதிமூணு வயசு வரைக்கும் உள்ள புள்ளைக படிக்கிறதுக்காம். அந்த வயசுக்கு தமிழ்ல ஒண்ணுமே இல்ல மாமா, ஒண்ணு காக்கா நரி கதையா இருக்கு, இல்லன்னா நேரா பெரியவுக படிக்கிற சரித்திர நாவல், நடுவுல நாங்க எங்க போறதுன்னு கேட்டுச்சு பாருங்க, எனக்கு பதில் தெரியல. ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல முடியாது, இருக்கு, ஆனா ஒரு ஊரு லைப்ரரி ஷெல்ஃப்ல கைய விட்டா சிக்குற அளவுக்கு இல்ல. நம்ம பக்கத்துல இதுக்கு பஞ்சம் வந்திருக்கவே கூடாது. இங்கின இருக்க ராயவரத்துலதான் அழ. வள்ளியப்பா பொறந்தாக, 1922ல. பேங்க்ல வேலை பாத்துக்கிட்டே ஆயுசு பூரா குழந்தைகளுக்கு எழுதுனாக, 1950லயே குழந்தை எழுத்தாளர்களுக்குன்னு தனியா ஒரு சங்கம் வச்சாக. அப்படிப்பட்ட மண்ணுல ஒரு பதிமூணு வயசுப் புள்ள நடுவுல நாங்க எங்க போறதுன்னு கேக்குது.

சரி, நோட்ட பிரிச்சேன். மொத அத்தியாயத்துல ஒரு ஃபிளைட் அமேசான் காட்டுல விழுது, ஒரு அண்ணன் ஒரு தங்கச்சி மட்டும் பொழைக்கிறாங்க, ரெண்டாவது அத்தியாயத்துல ஒரு சிங்கம் வருது, மூணாவதுல பனி பெய்யுது, நாலாவதுல அந்தப் பனிக்கு நடுவுல ஒரு தென்னமரம் நிக்குது, அதுல ஏறி எளநி பறிச்சு குடிக்கிறாங்க. எனக்கு சிரிப்பு அடக்க முடியல, ஆனா சிரிச்சா புள்ள மனசு நொந்துபோயிரும்னு மானிட்டர் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

"ஏத்தா, அமேசான்ல சிங்கம் கெடையாதே"ன்னேன். "வேற எங்க இருக்கு?" "ஆப்பிரிக்காவுல, அத விட்டா நம்ம குஜராத் கிர் காட்டுல." "அப்ப ஃபிளைட்ட குஜராத்ல விழ வச்சிரவா?"ன்னு கேட்டுச்சு, சீரியஸா.

எனக்கு சிங்கம் பிரச்சனை இல்லீங்க. எட்டாம் பக்கத்துல 'அவர்களுக்கு மிகவும் பசித்தது. ஒரு பழத்தைப் பறித்துச் சாப்பிட்டார்கள்'னு ஒரு வரி இருந்துச்சு. என்ன பழம்னு கேட்டேன். "பழம்." என்ன கலரு? "தெரியல, காட்டுப்பழம்." அங்கதான் எனக்குப் பட்டுச்சு, இந்தப் புள்ள பசியவும் பாக்கல பழத்தையும் பாக்கல, யூடியூப்லயும் டிவியிலயும் யாரோ ஒரு வெள்ளக்காரரு பசிச்சத பாத்திருக்கு. பத்து வயசுப் பய ஏமாந்தா மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு புக்க கீழ போட்டுருவான், பெரியவன மாதிரி மரியாதைக்கு கடைசி வரை படிக்க மாட்டான்.

"நீ நெசமா பயந்தது எப்ப?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் ஃபேனையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்பறம் மெல்ல, "பெரிய வீட்டுல ரெண்டாங்கட்டுல மாட்டிக்கிட்டேன்ல, அப்ப"ன்னுச்சு.

இத புரிஞ்சிக்க எங்க வீட்டு நெலவரம் கொஞ்சம் தெரியணும். எங்க அப்பா ஒரு செட்டியார் வீட்டுக்கு சாவி வச்சிருக்காரு. முப்பது வருஷத்துக்கு மேல. ஊரு பேர் வேணாம், காரைக்குடியில இருந்து அரை மணி நேரம் பஸ்ஸுல. வெள்ளிக்கிழமை ஆனா போயி கதவத் தொறந்து, கூட்டி, சாமி ரூம்ல வெளக்கேத்தி, ஓடு ஏதும் ஒடஞ்சிருக்கா, கரையான் ஏறியிருக்கான்னு ஒரு சுத்து சுத்திட்டு பூட்டிட்டு வந்துருவாரு. வீட்டுக்காரவுக பங்காளிக சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கான்னு இருக்காக, ஒரு கல்யாணம் இல்ல முன்னோரக் கும்புடுற படைப்பு வந்தா மட்டும் அத்தன பேரும் வந்து எறங்குவாக, ரெண்டு நாள் ஜேஜேன்னு இருக்கும், மூணாம் நாள் வவ்வாலு மட்டும்தான். செட்டியாருக 96 ஊருல வாழ்ந்தவுகன்னு சொல்லுவாக, இப்ப 70 சொச்சம் ஊருதான், அதுலயும் தெருத்தெருவா பூட்டுதான் தொங்குது. 2014ல இந்த ஊருகள யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல சேத்தாங்கன்னு பேப்பர்ல போட்டாங்க, அப்ப இருந்து கேமராவோட வர்றவுக ஜாஸ்தி, குடியிருக்க வர்றவுக இல்ல.

பாப்பா சின்னதுல இருந்தே லீவுன்னா அதோட ஐயா, அதான் எங்க அப்பா கூட அந்த வீட்டுக்குப் போகும். ஒரு தடவ, ஆறு வயசு இருக்கும், ரெண்டாங்கட்டுல, அதாவது வீட்டோட ரெண்டாவது பகுதியில, ஒரு ரூம்ல வெளையாண்டுக்கிட்டு இருந்துருக்கு, அப்பா தெரியாம வெளிய கொண்டி போட்டுட்டு பின்கட்டுக்குப் போயிட்டாரு. இருபது நிமிஷம். அந்தக் கதவு பர்மா தேக்கு, ஒரு ஆளு கனம், உள்ள நின்னு கத்துனா வெளிய கேக்கவே கேக்காது. தொறந்தப்ப புள்ள அழுகலயாம், சும்மா செவுத்தோட ஒட்டி நின்னுருந்துச்சாம். அழுதிருந்தா கூட பரவால்லன்னு அப்பா இன்னைக்கும் சொல்லுவாரு.

"அத எழுது"ன்னேன். "வீட்டுக்குள்ள எப்படி மாமா சர்வைவல் வரும்? அதுக்கு காடு வேணும்ல?"

நியாயமான கேள்விதான். நம்ம பக்கம் தொலைஞ்சுபோக காடே இல்ல. சீமக்கருவேல இருக்கு, தைலமரத் தோப்பு இருக்கு, ஆனா எந்தப் பக்கம் ஒரு மணி நேரம் நடந்தாலும் ஒரு டீக்கடை வந்துரும். ஆனா அந்த வீடு? முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. முகப்பு, நடுவுல முத்தம் வச்ச வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு, அடுப்படி, கெணறுன்னு போய்க்கிட்டே இருக்கும். ஜன்னலுக்கெல்லாம் கட்டை விரல் தண்டி இரும்புக் கம்பி. வளவு முத்தத்துக்கு மேல வானம் தெரியும், ஆனா அதுலயும் கம்பி வலை. செவுரு முட்டை வெள்ளக்கருவும் சுண்ணாம்பும் போட்டு எழைச்சது, பல்லி கூட யோசிச்சுத்தான் ஏறும். திருடன் உள்ள வரக்கூடாதுன்னு கட்டுன வீட்டுல இருந்து ஒரு புள்ள வெளிய போறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

அன்னைக்கு சாயங்காலமே புது நோட்டு வாங்கியாச்சு.

கதை இதுதான். வீட்டுக்காரவுக பேரன், சிங்கப்பூர்ல வளந்தவன், பதினோரு வயசு. சாவி வச்சிருக்கவரோட பேத்தி, அவளுக்கும் பதினொண்ணு. ஒரு கல்யாணம் முடிஞ்ச சாயங்காலம் ரெண்டு பேரும் உள்ள மாட்டிக்கிறாங்க. வீடு அவனோடது, வீட்டத் தெரிஞ்சது அவளுக்கு. இந்த ஒரு விஷயத்த பாப்பா தானா கண்டுபிடிச்சுச்சு, நான் சொல்லல, படிச்சப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரி ஆயிருச்சு. மொத நாள் பூரா அவன் "இது எங்க வீடு"ன்னே பேசுவான், ரெண்டாம் நாள் காலையில "பாத்ரூம் எங்க இருக்கு"ன்னு அவகிட்ட கேப்பான்.

அப்பறம் வந்துச்சு பாருங்க பெரிய சிக்கல். போன். இந்தக் காலத்துல எந்தப் புள்ளையும் தொலைய முடியாது சார். அரை மணி நேரத்துல வாட்ஸப் குரூப்ல போட்டோ சுத்தும், ஒரு மணி நேரத்துல யாராச்சும் வந்து கதவத் தொறந்துருவாக, கதை பதினோராம் பக்கத்துல முடிஞ்சிரும். நாங்க ரெண்டு பேரும் இதுக்கு மட்டும் ஒரு வாரம் மல்லுக்கட்டுனோம். கடையில வந்து நின்ன கஸ்டமருக எல்லாரும் ஆளுக்கொரு ஐடியா குடுத்தாங்க, ஒரு ஆசிரியர் 1980ல நடக்குற மாதிரி எழுதச் சொன்னாக, பாப்பா ஒரே வரியில "அது உங்க கதை சார்"னு சொல்லிருச்சு.

வழிய காட்டுனது கஜா. 2018 நவம்பர் 16 விடியக்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறுன புயல், புதுக்கோட்டைப் பக்கம் தென்னை, பலா, தேக்குன்னு ஒண்ண விடாம சாச்சுப் போட்டுருச்சு, நாள் கணக்கா கரண்ட் இல்ல, டவர் இல்ல, ரோட்ட மறிச்சு மரம். பாப்பாவுக்கு அப்ப ஆறு வயசு, ஜெனரேட்டர் வச்ச கடையில காசு குடுத்து போனுக்கு சார்ஜ் போட லைன்ல நின்னது அதுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்த மாதிரி ஒரு புயல கதையில வச்சோம், பேரு சொல்லாம. புயல் வருதுன்னு நியூஸ் கேட்டு கல்யாணத்துக்கு வந்தவுக அத்தன பேரும் அடிச்சுப் புடிச்சு கெளம்புறாக, அஞ்சு வண்டி, இந்த வண்டியில இருக்கவுக பய அந்த வண்டியில இருக்கான்னு நெனைக்கிறாக, அந்த வண்டிக்காரவுக இந்த வண்டியில இருக்கான்னு நெனைக்கிறாக. இது கதைக்காக ஜோடிச்சது இல்ல, நம்ம வீட்டு விசேஷம் எதுலயாச்சும் இது நடக்காம இருந்திருக்கா? பேத்தி அத்த வீட்டுக்கு போயிட்டான்னு தாத்தா நெனைச்சிக்கிட்டு பூட்டுறாரு. ராத்திரி புயல். காலையில போன் செத்துப்போச்சு.

இனிமே உசுரோட இருக்கணும், அதுக்கு என்ன வேணும்? இங்கதான் நான் கண்டிப்பா இருந்தேன். காத்து இல்லாம 3 நிமிஷம், தண்ணி இல்லாம 3 நாள், சோறு இல்லாம 3 வாரம்னு பயிற்சி குடுக்குறவங்க தோராயமா ஒரு கணக்கு சொல்லுவாங்க. அப்ப சோறு அப்பறம், மொதல்ல தண்ணி. பாப்பா எழுதுன மொத டிராஃப்ட்ல ரெண்டும் மாட்டுன அரை மணி நேரத்துல கல்யாணப் பலகாரக் கூடையக் கண்டுபிடிச்சு சீப்புச்சீடை, மனகோலம், கைமுறுக்குன்னு வெளுத்து வாங்குதுங்க. நான் சொன்னேன், அது பூராம் உப்பு, எண்ணெய், காஞ்ச மாவு, தண்ணி இல்லாம அத தின்னா இருக்க தாகம் ரெண்டு மடங்காயிரும், தண்ணி கெடைக்கிற வரைக்கும் திங்கக் கூடாதுன்னுதான் சொல்லுவாங்க. பாப்பா அத அப்படியே தப்பாவே வச்சிருச்சு. அதாவது பய தின்னுருவான், ராத்திரி நாக்கு ஒட்டிக்கும், அப்பதான் படிக்கிறவனுக்கும் புரியும்னுச்சு. என்ன விட புத்திசாலி.

தண்ணிக்கு ரெண்டு வழி. கெணறு இருக்கு, ஆனா வாளி இல்ல, கயிறு மக்கிப்போனது. மழை இருக்கு. வளவு ஓடு நாலு பக்கமும் உள்பக்கமா சரிஞ்சுதான் இருக்கும், பெய்யிற மழை பூராவும் முத்தத்துக்குள்ள வந்து விழும், பெரியவுக அப்படித்தான் கட்டியிருக்காக, மூலைக்கு ஒரு கிடாரத்த வச்சா நெறஞ்சிரும். எவ்வளவு நெறையும்? 1 சதுர மீட்டர் கூரையில 1 மில்லிமீட்டர் மழை பேஞ்சா 1 லிட்டர், இது ஆறாவது ஏழாவது கணக்குதான். 300 சதுர மீட்டர் கூரை, 10 மில்லிமீட்டர் மழைன்னா 3000 லிட்டர். இந்தக் கணக்க அந்த சிங்கப்பூர் பய ஆத்தங்குடி கல்லுத் தரை மேல கரித்துண்டால போட்டுப் பாக்குற இடம் நாவல்லயே எனக்குப் புடிச்ச இடம், கணக்கு பாடத்துக்கு ஒரு புள்ள சந்தோஷப்பட்டு நான் எங்கயும் படிச்சதில்ல.

ஆனா அந்தத் தண்ணியில வவ்வாலு எச்சம், இலை, தூசி. ஊருணித் தண்ணி குடிச்ச காலத்துல நம்ம ஆத்தாமாரு பானைக்குள்ள தேத்தாங்கொட்டைய ஒரசி விடுவாக, கலங்கல் அடியில படிஞ்சு தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சிரும். அடுப்படியில ஒரு டப்பாவுல அது இருக்க மாதிரி எழுதியாச்சு. தெளிஞ்சா கிருமி செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல, தளதளன்னு ஒரு நிமிஷமாச்சும் கொதிக்கணும். அதுக்கு நெருப்பு வேணும். வெறகு கல்யாணத்துல மிச்சம் கெடக்கு. தீப்பெட்டி? சாமி ரூம்ல, அப்பா வெள்ளிக்கிழமை வெளக்கேத்த வைக்கிற எடத்துல. பாப்பா நேர்ல போயி பாத்துச்சு, பெட்டியில 7 குச்சி இருந்துச்சு. நாவல்லயும் 7 குச்சிதான், ஒவ்வொண்ணா கொறைய கொறைய அத்தியாயம் நகரும். நமுத்த குச்சி ரெண்டு அதுல.

பாம்புக்கு வர்றேன். பாம்பு இல்லாம சர்வைவல் கதை எழுத மாட்டேன்னு ஒரே அடம். பயல பாம்பு கடிக்குது, அவ ப்ளேடால கீறி வாயால விஷத்த உறிஞ்சி துப்புறா, இதான் ஒரிஜினல். நம்ம படம் பாத்து வளந்த எல்லாருக்கும் இதான் தெரியும். எனக்குத் தெரிஞ்ச ஒரு நர்ஸ் அக்கா ஜெராக்ஸ் எடுக்க வந்தப்ப காட்டுனேன், படிச்சிட்டு கோவமே வந்துருச்சு அவுகளுக்கு. கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கி கயித்தக் கட்டக் கூடாது, கடிச்ச கையகால அசைக்காம வச்சு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும், அங்கதான் விஷமுறிவு மருந்து இருக்கு, வேற எதுவும் வேலைக்காகாது, இத படிச்சிட்டு ஒரு புள்ள நெசமா செஞ்சா யாரு பொறுப்புன்னு கேட்டாக. பாப்பா மூஞ்சி சுண்டிப்போச்சு. ஆஸ்பத்திரிக்கே போக முடியாத வீட்டுக்குள்ள பாம்பு கடிச்சா கதையில ஒரு உசுரு போயிரும், அதுக்கு அது தயாரா இல்ல. அதனால நல்லபாம்பு ஒண்ணு முத்தத்து மூலையில வந்து படம் எடுக்கும், ரெண்டு பேரும் அசையாம நிப்பாங்க, அது பாட்டுக்கு போயிரும். எழுதி முடிச்சப்பறம் படிச்சா கடிச்சத விட இதுதான் திக்குன்னு இருக்கு.

ராத்திரி சத்தத்துக்கு மரநாய். செட்டிநாட்டு வீடுகள்ல கூரைக்கு அடியில குடித்தனமே நடத்தும், ராத்திரி ஓட்டு மேல ஓடுனா ஒரு ஆளு நடக்குற மாதிரியே இருக்கும். நாலு அத்தியாயத்துக்கு யாரோ மாடியில நடக்குறாங்கன்னே கொண்டு போயிருக்கு. பேய்னு நெனைச்சவுக பேய்னே நெனைச்சுக்கங்க, நான் ஒண்ணும் சொல்லல.

எங்கப்பா இதுல எப்படி வந்தாருன்னு சொல்லணும். நாவல்னா அவருக்கு ஆகாது, தினத்தந்தி மட்டும்தான். ஒரு நாள் ராத்திரி நாங்க தண்ணி பத்தி சண்டை போட்டுக்கிட்டு இருந்தப்ப கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டே "எங்கய்யா பர்மாவுல இருந்து நடந்து வந்தாகளே, அவுகள விடவா"ன்னாரு. எனக்கு தெரிஞ்ச கதைதான், ஆனா சின்ன வயசுல அரைகுறையா கேட்டது. அப்பாவோட அப்பா, பாப்பாவுக்கு பூட்டன், ரங்கூன்ல செட்டியாருக தங்கி தொழில் பாக்குற கிட்டங்கியில சமையக்காரருக்கு எடுபிடியா இருந்தவரு, பதினஞ்சு வயசு. 1941 டிசம்பர் 23ல ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டான், அடுத்த மார்ச்சுல ஊரே அவன் கையில. கப்பல்ல எடம் காசுள்ளவுகளுக்கு. மத்தவுக நடந்தாக, லட்சக்கணக்கான சனம், வழியிலயே காலரா, மலேரியா, பசின்னு பல ஆயிரம் பேரு செத்தாக. பூட்டன் மேல்பர்மா போயி தாமு வழியா மணிப்பூருக்குள்ள வந்து, இம்பால் தாண்டி திமாப்பூர்ல ரயில் ஏறுனவரு. கையில ஒரு பித்தளைத் தூக்கு மட்டும். கூட வந்தவுக ஓடைத் தண்ணிய அப்படியே அள்ளிக் குடிச்சாக, சமையக்காரரு மட்டும் இவர ஒரு வாய் குடிக்க விடலயாம், எவ்வளவு அசதியா இருந்தாலும் சுள்ளி பொறுக்கி தூக்குல கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்னு. ஊரு வந்து சேந்தது இவரு மட்டும். சமையக்காரரு என்ன ஆனாருன்னு பூட்டன் யார்கிட்டயும் சொன்னதே இல்லைன்னு அப்பா சொன்னாரு, சொல்லிட்டு திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

அந்தத் தூக்கு எங்க வீட்டுல பரண்ல இன்னும் இருக்கு. மறுநாள் பாப்பா எறக்கி புளி போட்டு தேச்சுச்சு. நாவல்ல அந்தப் புள்ள தண்ணி கொதிக்க வைக்கிறது அதுலதான். 'பர்மா'ங்கிற வார்த்தை மொத்த நாவல்லயும் ரெண்டே எடத்துலதான் வருது, நான் இன்னும் எழுதச் சொன்னேன், அது மாட்டேன்னுருச்சு, "அவளுக்கு அவ்வளவுதான மாமா தெரியும்"னு.

பாஷைக்கும் ஒரு சண்டை. மொத்தத்தையும் பாடப்புத்தகத் தமிழ்ல எழுதியிருந்துச்சு, 'அவர்கள் அச்சமுற்றனர்'ங்கிற மாதிரி. இருட்டுல மாட்டுன எந்தப் புள்ளடி அச்சமுறும்னு கேட்டேன். கடைசியில கதை சொல்றது எளிமையான எழுத்துத் தமிழ், பேச்சு மட்டும் நம்ம பேச்சு, அவன் பேசுறது இங்கிலீஷ் கலந்த தமிழ், அவ பேசுறது 'வந்தாக போனாக'. அதுலயே பாதி காமெடி தானா வந்துருச்சு. 'அங்கின கெடக்கு'ம்பா, அவன் 'கெடக்குன்னா வாட்?'ம்பான்.

வெளிய சேதி சொல்றதுக்கு ரெண்டு ஐடியா வச்சிருந்துச்சு, ரெண்டையும் நெசமா செஞ்சு பாத்தாத்தான் டைப் பண்ணுவேன்னுட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை நான், பாப்பா, அப்பா மூணு பேரும் போனோம். முத்தத்து தண்ணி வெளிய போக சலதாரை இருக்கும்ல, அது வீட்டுக்கு அடியிலயே ஓடி தெருவுக்கு வந்து அங்கருந்து வாய்க்கா வழியா ஊருணிக்குப் போகும். சின்ன டப்பாவுல சீட்ட எழுதி அதுல விட்டா? மூணு டப்பா விட்டோம், கெணத்துத் தண்ணிய அப்பா மோட்டார் போட்டு விட்டாரு. தைல டப்பா உள்ளயே எங்கயோ போயி சிக்கிருச்சு, இன்னும் அங்கதான் இருக்கு, வீட்டுக்காரவுகளுக்கு தெரிய வேணாம். மாத்திரை டப்பா தெரு முக்குல குப்பையில நின்னுருச்சு. ஃபிலிம் ரோல் டப்பா மட்டும், நம்ம கடையில பழசு கெடந்துச்சு, அது போச்சு பாருங்க படகு மாதிரி. நாவல்லயும் ரெண்டு தோத்து மூணாவதுதான் போகும்.

ரெண்டாவது, சேகண்டி, அதான் கோலால அடிக்கிற வெண்கலத் தட்டு. சாமி ரூம்ல பெருசா ஒண்ணு தொங்குது. ஆபத்துன்னா மூணு மூணா சத்தம் குடுக்கணும், விசிலோ வெளிச்சமோ எதுவா இருந்தாலும் மூணு, விட்டு மறுபடி மூணு, இது உலகத்துல பல எடத்துல புரியிற கணக்கு. மாடி முகப்பு ஜன்னல் ஓரமா நின்னு பாப்பா மூணு மூணா அடிச்சுச்சு. கால் மணி நேரம் ஒரு ஈ காக்கா இல்ல. அப்பறம் மூணு வீடு தள்ளி ஒரு அப்பத்தா மெதுவா கம்ப ஊனிக்கிட்டு வந்து, கீழ நின்ன எங்கப்பாவப் பாத்து, "யாருப்பா போய்ச் சேந்தாக? எந்த ஊருல?"ன்னு கேட்டாக.

சேகண்டிச் சத்தம் கேட்டா நம்ம ஊருல துட்டிதான ஞாபகம் வரும். பாப்பா மாடியிலயே உக்காந்து வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சுச்சு, சிரிச்சு முடிச்சதும் நோட்டத் தொறந்துருச்சு. உலகத்துக்கே புரியிற அபாய சமிக்ஞை அந்தத் தெருவுல மட்டும் எழவு சேதி. நாவலோட பதினாலாவது அத்தியாயம் அதுதான். முடிவ சொல்ல மாட்டேன்.

டெமி சைஸ், 96 பக்கம், ஃபாரத்துக்கு 16 பக்கம்னு 6 ஃபாரம், ஒரு பக்கம் கூட வீணாகாம மடங்குச்சு, அதுக்காக நான் ரெண்டு எடத்துல எழுத்து சைஸக் கொறைச்சது பாப்பாவுக்கு தெரியாது. ஐஎஸ்பிஎன் நம்பருக்கு நம்ம நாட்டுல காசு கெடையாது, இன்னும் வாங்கல, வாங்கணும். இப்போதைக்கு 50 காப்பி. அட்டைப்படம் பாப்பாவே வரைஞ்சது, வளவு தூணு எல்லாம் கொஞ்சம் சாஞ்சு நிக்குது, புயல்னு சொல்லி சமாளிச்சுக்கிட்டோம்.

குறைன்னு சொன்னா, நடுவுல ரெண்டு அத்தியாயம் இழுக்குது. ரெண்டு பேரும் பெரிய மனுசங்க மாதிரி நட்பு பத்தி பேசிக்கிறாங்க, அத வெட்டச் சொன்னேன், கேக்கல. பெரியவுகள எல்லாம் கொஞ்சம் முட்டாளா காட்டியிருக்கு, அது வயசுக் கோளாறு. மாமாவா சொல்லல, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டைப் அடிச்சவனா சொல்றேன், மரநாய் வர்ற எடத்துல நான் எந்திரிச்சு கடைக் கதவு பூட்டியிருக்கான்னு பாத்துட்டு வந்தேன்.

மொத வாசகருக எங்க தெருப் புள்ளைக ஏழு பேரு. ஸ்பைரல் பைண்டிங் போட்டு குடுத்தோம். அதுல நாலாவது முடிச்ச ஒரு பொடியன் ரெண்டே நாள்ல படிச்சிட்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான், "அக்கா, மூணு நாளா அவங்க எங்க வெளிக்கிப் போனாங்க?" நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். இத்தன மாசக் கதை, இத்தன கணக்கு, இத்தன டெஸ்ட்டு, இது தோணவே இல்ல. கெணத்துக்கும் அடுப்படிக்கும் தூரமா பின்கட்டுல மண்ணுல குழி, சாம்பல போட்டு மூடணும்னு ஒரு பக்கம் சேத்தோம், அந்தப் பக்கத்துக்குத்தான் இப்ப எல்லாப் புள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிக்குதுக.

அப்பாவுக்கு ஒரு காப்பி குடுத்துச்சு பாப்பா. கண்ணாடியப் போட்டுக்கிட்டு மொத ரெண்டு அத்தியாயம் மட்டும் படிச்சாரு, தாத்தா கதவப் பூட்டுற எடம் வரைக்கும். அதுக்கு மேல படிக்கல, நல்லாருக்குன்னும் சொல்லல. போன வெள்ளிக்கிழமை பெரிய வீட்டுக்கு நானும் கூடப் போயிருந்தேன். வெளக்கேத்தி, கூட்டி முடிச்சு, வெளிய வந்து கதவ இழுத்தாரு. சாவியப் போடல. திரும்ப கதவத் தள்ளிக்கிட்டு உள்ள தலைய நீட்டி, அந்தக் காலி வளவப் பாத்து, "உள்ள யாரும் இருக்கீகளா?"ன்னு சத்தமா கேட்டாரு. கொஞ்ச நேரம் நின்னாரு. மறுபடி ஒரு தடவ கேட்டாரு. அப்பறம்தான் பூட்டுனாரு.